தேக்கு வெனீர் மேசையில் கருங்கறை, பூசை அலமாரியில் மஞ்சள் கறை: உப்புத்தாளை எடுக்கலாமா?

காவிரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் இருக்கும் எங்கள் வீட்டில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆசாரியை வீட்டிலேயே வைத்துச் செய்த பிளைவுட் சாமான்கள் சில இருக்கின்றன. 19 மில்லிமீட்டர் பலகையின்மேல் தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிப் பாலிஷ் போட்ட கூடத்து மேசை ஒன்று, அதே முறையில் செய்த பூசை அலமாரி ஒன்று, படுக்கையறையில் உட்புறம் முழுவதும் வெள்ளை பெயின்ட் அடித்த சுவர் அலமாரி ஒன்று. பலகை எங்கும் உளுத்துப்போகவில்லை. கதவுகள் ஒழுங்காக மூடுகின்றன. ஆகவே இவற்றைக் கழித்துவிட்டுப் புதிதாகச் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை. கறையும் நிறமாற்றமும்தான் சிக்கல்.

மேசையின்மேல் பூந்தொட்டி வைக்கும் இரும்புத் தாங்கி ஒன்று நெடுநாள் நின்றிருந்தது. அதன் மூன்று கால்களும் பதிந்த இடங்களில் நீலமும் கறுப்பும் கலந்த கறை விழுந்து, மரத்தின் ரேகை வழியே இரண்டு விரல் அகலத்துக்கு நீண்டிருக்கிறது. அதே மேசையில் சூடான டபரா வைத்த இடங்களில் வெள்ளை வளையங்களும் உள்ளன. பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் வழிந்து பிசுபிசுப்பாக இறுகியிருக்கின்றன. அதன் நடுவே மஞ்சள் தூள் சிந்திய இடத்தைச் சோப்பு நீரால் துடைத்தவுடன் அது செங்கல் நிறமாக மாறிவிட்டது. சுவர் அலமாரியில் எமல்ஷன் இரண்டு முறை அடித்த பின்னும் பழுப்பு நிறத் திட்டுகள் மீண்டும் மீண்டும் மேலே வருகின்றன.

எல்லாவற்றையும் எந்திரத்தால் தேய்த்துவிட்டு மறுபடி பாலிஷ் போட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். மேலே மைக்கா ஒட்டி மறைத்துவிடுங்கள் என்கிறார் இன்னொருவர். அனுபவம் உள்ளவர்கள் எது சரி என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


இழைப்புளி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் தச்சு வேலை செய்பவன். எந்திரத்தால் தேய்க்க வேண்டாம் என்பதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த ஒரு வேலையை மட்டும் பிறகு எவராலும் திருத்த முடியாது. முழுத் தேக்குப் பலகையில் கறை இருந்தால் இழைப்புளி போட்டு ஒரு சுருள் எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் புது மரத்தைக் காட்டலாம். வெனீர் அப்படிப்பட்டதன்று. உங்கள் மேசையின் முகத்தில் தேக்கு என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிமன்தான்; அது முதல் முறை ஒட்டியபோதே உப்புத்தாளில் சிறிது தேய்ந்திருக்கும். சுழலும் எந்திரத்தை அதன்மேல் வைத்தால், கறை போவதற்குள் வெனீர் போய், அடியில் இருக்கும் பசைக் கோடும் வேறு மரத்தின் முகமும் வெளிப்பட்டுவிடும். இரும்புக் கறை நீரோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்கும் கறை என்பதால், வெனீர் முடியும் வரை தேய்த்தாலும் அது முடிந்திருக்காது.

தேய்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது கறை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதையே. பாலிஷின்மேல் படிந்திருக்கலாம், பாலிஷுக்குள்ளேயே இருக்கலாம், பாலிஷைக் கடந்து மரத்தில் இறங்கியிருக்கலாம், அல்லது பலகையின் பின்புறத்திலிருந்தும் பசையிலிருந்தும் மேலே வந்திருக்கலாம். இந்த நான்குக்கும் மருந்து வெவ்வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வெள்ளை வளையம் பாலிஷுக்குள் இருக்கிறது, கருங்கறை மரத்தில் இருக்கிறது, சுவர் அலமாரியின் பழுப்பு உள்ளிருந்து வருகிறது. பூசை அலமாரியில் எண்ணெய் மேலேயும் மஞ்சள் உள்ளேயும் இருக்கக்கூடும்.

அடுத்து, உங்கள் பாலிஷ் எது என்று தெரிய வேண்டும். மேசையின் அடிப்புறமோ காலின் உட்பக்கமோ, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்துச் சிறிது நேரம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். மேற்பரப்பு இளகி ஒட்டினால் அது அவலரக்கை (மெல்லிய செதில்களாக்கிய அரக்கை) கரைத்துப் போட்ட ஃபிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு இளகாமல் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) என்று கொள்ளலாம்.

இப்போது கருங்கறைக்கு வருகிறேன். தேக்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. தண்ணீர் ஊற்றும்போது தொட்டியிலிருந்து கசிந்த ஈரம் இரும்புக் காலைத் துருப்பிடிக்க வைத்து, அந்தத் துரு டானினோடு சேர்ந்து கறுப்பாகிவிட்டது. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுபவர்கள், கடுக்காய் ஏற்றிய துணியின்மேல், இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்து எடுத்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வினையால்தான். துணியில் நிலைத்து நிற்கும் நிறம் மரத்திலும் நிலைத்து நிற்கும். சோப்பு, மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதற்கும் அது அசையாது.

இதற்குரிய மருந்து ஆக்சாலிக் அமிலம். மொசைக் தரைக்கும் மார்பிளுக்கும் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைத் தூள்தான். ரசாயனக் கடைகளில் கிடைக்கும். அது நஞ்சு என்பதை மறக்கக் கூடாது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகள் இல்லாத காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம். பிளாஸ்டிக் குவளையில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை கரைத்தால் போதும். ஒரு மேசைக்கு அரை லிட்டர்கூடச் செலவாகாது.

பாலிஷ் இருக்கும்போது இந்தக் கரைசல் மரத்தைத் தொடாது. ஆகவே முதலில் மேசையின் மேற்பலகை முழுவதிலும் பாலிஷை எடுக்க வேண்டும். அரக்குப் பாலிஷாக இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியே போதும். மற்றவற்றுக்குப் பெயின்ட் ரிமூவர் வேண்டும். ரிமூவர் பூசி, பொங்கி எழுந்த பின் மழுங்கலான பிளாஸ்டிக் தகட்டால் ரேகையின் போக்கிலேயே வழித்தெடுங்கள். இரும்புப் பட்டித் தகட்டின் கூர்முனை வெனீரைக் கீறிவிடும். இரும்பு நாரும் வேண்டாம். அதன் துகள்கள் மரத்தின் துளைகளில் தங்கி, ஈரம் பட்டவுடன் புதிதாக நூறு கறுப்புப் புள்ளிகளைப் போடும்.

மரம் வெளிப்பட்ட பின், நைலான் பிரஷால் கரைசலைக் கறையின்மேல் மட்டுமன்றி மேற்பலகை முழுவதும், ஓரம் முதல் ஓரம் வரை சமமாகப் பூசுங்கள். கறை இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டால், கறுப்பு போன இடம் வெளிறிய வட்டமாகத் தனித்துத் தெரியும். பிளைவுட் என்பதால் நீர் தேங்க விடக் கூடாது. நனைத்துப் பிழிந்த அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். இதை நான் பலமுறை வலியுறுத்திச் சொல்வதுண்டு. சாதாரண எம்.ஆர். ரகப் (காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும்) பலகையில் இருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை நீரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. சில நிமிடங்களிலேயே கறுப்பு சாம்பலாகி, பிறகு மறையத் தொடங்கும். பழைய கறையென்றால் காயவிட்டு மறுநாள் இன்னொரு முறை பூச வேண்டியிருக்கும்.

காய்ந்தவுடன் மேலே வெண்மையான பொடி பூத்திருக்கும். அதை உலர்ந்த துணியாலோ உப்புத்தாளாலோ தட்டிவிடாதீர்கள். அந்தத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் கடுமையாக எரியும். நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், நீரை மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை துடைத்தெடுங்கள். அமிலத்தை முறிப்பதற்கென்று சோடா உப்புக் கரைசலை நிறைய ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. தேக்கு போன்ற மரத்தில் காரம் மிகுந்தால் மரமே கறுத்துவிடும் என்பதால் நான் நல்ல நீரோடு நிறுத்திக்கொள்வேன். பிறகு நிழலில் நான்கைந்து நாட்கள் நன்றாக உலரட்டும். அதன் பின், எழும்பி நிற்கும் மெல்லிய நார்களைத் தணிக்க 220 எண் உப்புத்தாளைக் கையால், கட்டையில் சுற்றி, ரேகையின் போக்கில் ஓரிரு இழுப்பு இழுத்தால் போதும்.

பூந்தொட்டித் தாங்கியை மறுபடி அங்கே வைப்பதாக இருந்தால் அதன் கால்களுக்கு ரப்பர் குல்லா போடுங்கள். மேசையின் ஓரப் பீடிங்கில் இரும்பு ஆணி அடித்திருந்தால் அதைச் சுற்றியும் இதே கறை வரும்; பித்தளை ஆணியாகவோ துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியாகவோ மாற்றிவிடுவது நல்லது.


ஆய்வுக்கூடம் எழுதியது:

வணக்கம். இழைப்புளி அவர்கள் சொன்ன முறை இரும்புக் கறைக்கு மிகச் சரியானது. ஆனால் அதே அமிலத்தைப் பூசை அலமாரியில் பயன்படுத்தினால் பயன் இராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்னும் நிறமி இரும்போடு தொடர்பில்லாதது. ஆக்சாலிக் அமிலம் அதை வெளுக்காது. நீங்கள் கண்ட செங்கல் நிறமும் புதுக் கறையன்று. சோப்பு காரத்தன்மை உடையது. காரம் பட்டால் குர்குமின் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். சிறிதளவு வினிகரை நீரில் கலந்து துடைத்தால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகும்.

மஞ்சளை எடுப்பதற்கு அதன் இரண்டு பலவீனங்களைப் பயன்படுத்தலாம். அது நீரில் அநேகமாகக் கரையாது, ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையும். மேலும், வெயில் பட்டால் சிதைந்து நிறமிழக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்து, பஞ்சு மஞ்சளாகும் போதெல்லாம் புதுப்பஞ்சு மாற்றுங்கள். தேய்த்தால் கறை பரவும்; ஒற்றினால் மேலே வரும். எஞ்சியிருக்கும் நிறத்துக்கு, அந்தத் தட்டைக் கழற்ற முடிந்தால் காலை வெயிலில் சில நாட்கள் வைத்து எடுங்கள். துணியில் பட்ட மஞ்சள் வெயிலில் உலர்த்தினால் மங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தட்டின் பாலிஷ் அரக்காக இருந்தால் ஸ்பிரிட் பாலிஷையும் சேர்த்தே கரைக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபூச்சுக்கு ஆயத்தமாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் விளக்குக் கரி. அதை ஈரத்துணியால் தொட்டால் மைபோல் இழுபட்டு மரத்துளைகளில் புகுந்துவிடும்; உலர்ந்த மென்மையான பிரஷாலோ வாக்குவம் கிளீனராலோ எடுத்துவிடுங்கள். அடுத்து எண்ணெய். நல்லெண்ணெய் காற்றில் மெல்ல மெல்ல இறுகிப் பிசினாகும் குணமுள்ளது. மினரல் டர்ப்பன்டைனில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் போட்டு வைத்தால் இளகும். இளகியதைப் பழைய ஏ.டி.எம். அட்டை போன்ற பிளாஸ்டிக் விளிம்பால் வழித்தெடுக்கலாம். மரத்துக்குள் ஊறிய எண்ணெய்க்கு, சாக்குக்கட்டித் தூளை டர்ப்பன்டைனில் குழைத்துப் பற்றுப் போட்டால், அது உலரும்போது எண்ணெயை மேலே உறிஞ்சும். மஞ்சளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். எண்ணெய்ப் பிசினுக்காகச் சோப்பு போட்டுத் தேய்ப்பதால்தான் பெரும்பாலான வீடுகளில் இரண்டு கறைகளும் ஒன்றாகிவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிட்டும் டர்ப்பன்டைனும் எளிதில் தீப்பற்றுபவை. அந்த அலமாரியில் வேலை செய்யும் நாட்களில் விளக்கும் ஊதுபத்தியும் வேறிடத்தில் ஏற்றுங்கள். வாடை முற்றிலும் நீங்கிய பிறகே விளக்கைத் திருப்பி வையுங்கள். எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காமல் விரித்து உலர்த்திவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

சுத்தம் செய்த பின் தட்டின்மேல் ஒரு கிரானைட் துண்டையோ விளிம்பு உயர்ந்த பித்தளைத் தாம்பாளத்தையோ போட்டு அதன்மேல் விளக்கை வைத்தால் பலகைக்கு எண்ணெயே போகாது. எந்தப் பாலிஷும் தினமும் எண்ணெய் வழியும் இடத்தில் நெடுநாள் தாங்காது என்பதால் இதைப் பாலிஷைவிட முக்கியமாக நான் கருதுகிறேன்.


அவலரக்கு எழுதியது:

பாலிஷ் வேலை என் தொழில். வெள்ளை வளையத்தைப் பற்றி எவரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அது நல்ல செய்தி. கறை மரத்துக்குப் போகவில்லை என்பதற்கு அதுவே சான்று. சூடும் ஈரமும் சேர்ந்து பாலிஷுக்குள் நுண்ணிய இடைவெளிகளை உண்டாக்க, ஒளி அங்கே சிதறி வெண்மையாகத் தெரிகிறது. அரக்கிலும் லாக்கரிலும் இது எளிதில் வரும், மெலமைனிலும் பி.யு.விலும் குறைவு.

மெல்லிய முறையிலிருந்து தொடங்குங்கள். வளையம் புதிது என்றால் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாட்கள் விட்டாலே சில நேரங்களில் தானாக மறையும். மறையாவிட்டால் வாசலினை அதன்மேல் தடவி இரவு முழுவதும் விட்டு, காலையில் துடைத்துப் பாருங்கள். அடுத்த படி, முடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூடு. அதற்கும் போகாத வளையத்துக்கு, ஸ்பிரிட்டில் நனைத்து நன்றாகப் பிழிந்து கிட்டத்தட்ட உலர்ந்துவிட்ட மெல்லிய துணியால் ஒரே ஒரு முறை வருடிச் செல்வது அரக்குப் பாலிஷில் நல்ல பலன் தரும். துணி ஓரிடத்தில் நிற்கவே கூடாது.

துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். முழு மரத்தில் அதற்கு இடமுண்டு. வீட்டில் வைத்துச் செய்த பிளைவுட் சாமான்களில் வெனீரைப் பெரும்பாலும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை சூட்டில் இளகும் தன்மையுடையது. இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வளையம் போய் வெனீர் கொப்புளம் எழுவதற்கு வாய்ப்பு உண்டு. ஆகவே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இழைப்புளி அவர்களின் கருத்தில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு வேறுபாடு உண்டு. கறை மிகச் சிறியதாக, மேசையின் ஓரத்தில் இருந்தால், முழுப் பலகையின் பாலிஷையும் எடுக்காமல், அந்த இடத்தில் நிறம் கலந்த அரக்கை மெல்லிய தூரிகையால் தொட்டு ரேகை போல் வரைந்து மறைப்பதும் முறையான வேலையே. எங்கள் தொழிலில் அது நெடுங்காலமாக இருந்து வருகிறது. வெனீரைக் குறைவாகத் தொடுவதே பழைய சாமானுக்கு நாம் செய்யும் மரியாதை. ஆனால் நீங்கள் சொல்வது போல் கறை மூன்று இடங்களில், நடுப்பகுதியில், ரேகையோடு நீண்டு இருந்தால், அவர் சொன்னபடி ஓரம் முதல் ஓரம் வரை செய்வதுதான் கண்ணுக்கு ஒத்து வரும்.

மைக்கா ஒட்டும் யோசனை மேசைக்குத் தேவையற்றது. நல்ல தேக்கு வெனீரை மைக்காவின் அடியில் புதைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. பாலிஷ் இருக்கும் பரப்பில் மைக்கா ஒழுங்காகப் பிடிக்கவும் செய்யாது. சுவர் அலமாரியில் ஈரம் வருகிறது என்றால், அங்கே மைக்கா ஒட்டுவது ஈரத்தை உள்ளே அடைத்துப் பலகையைச் சீக்கிரம் அழுகச் செய்யும்.


காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மேசையின் அடிப்புறத்தில் ஸ்பிரிட் வைத்துப் பார்த்தேன், பாலிஷ் இளகி விரலில் ஒட்டியது. ஆக அது அரக்குப் பாலிஷ் என்று தெரிகிறது. வாசலின் தடவிய இரண்டு வளையங்களில் ஒன்று முற்றிலும் மறைந்துவிட்டது, மற்றொன்று மங்கியிருக்கிறது.

சுவர் அலமாரியைப் பற்றி இன்னும் இரண்டு கேள்விகள். பழுப்புத் திட்டுகள் பக்கப் பலகைகளில் வருகின்றன. பின்பலகையின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் புள்ளி புள்ளியாக ஏதோ பரவி இருப்பதை இப்போதுதான் துணிகளை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அதுவும் இரும்புக் கறைதானா? அத்துடன், கதவின் உட்புறத்தில் அடித்திருந்த வெள்ளை எனாமல் வெளிப்புறத்தைவிட அதிகமாக மஞ்சளித்திருக்கிறது. வெயில் படும் பக்கம்தானே மஞ்சளிக்க வேண்டும்?


தென்கடல் எழுதியது:

வணக்கம். நாகர்கோவிலில் இரண்டு மழைக் காலங்களையும் பார்க்கும் வீடுகளில் இந்தப் புள்ளிகள் மிகவும் பழக்கமானவை என்பதால் நான் பதில் சொல்கிறேன். அது அநேகமாகப் பூஞ்சணம். உறுதிசெய்ய, வீட்டில் துணி வெளுக்கும் பிளீச் ஒரு சொட்டை ஒரு புள்ளியின்மேல் வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் நிறம் வெளுத்தால் பூஞ்சணம். அப்படியே இருந்தால் இரும்பு அல்லது அழுக்கு. சோதனைக்குப் பயன்படுத்திய பிளீச்சை நீரால் துடைத்துவிடுங்கள். பிளீச் இருக்கும் இடத்தில் ஆக்சாலிக் அமிலத்தையோ வினிகரையோ கழிப்பறை ஆசிடையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்பட்டு மூச்சுக்கே ஆபத்தாகும். ஒரே வீட்டில் இரண்டு மருந்துகளும் பயன்படுத்தப்படும்போது இந்த விபத்து மிக எளிதில் நேரக்கூடியது என்பதால், இரண்டையும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு துணிகளோடு கையாளுங்கள்.

பூஞ்சணத்துக்கு மருந்தைவிடக் காரணம்தான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாட்கணக்கில் நிற்கும். மழை நனைக்கும் வெளிச்சுவரில் பலகை ஒட்டி நின்றால், இடையில் காற்றே இல்லாமல் பூஞ்சணம் வளரும். முதலில் அந்தச் சுவருக்கு வெளியே பூச்சு வெடித்திருக்கிறதா, சன்ஷேடில் நீர் தேங்குகிறதா, அருகில் குளியலறைக் குழாய் போகிறதா என்று பாருங்கள். கசிவு நின்ற பிறகே மற்றவை. பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த நீரில் பிழிந்த துணியால் பூஞ்சணத்தைத் துடைத்து, முகத்தில் கவசம் அணிந்து, அறையின் சன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். பின்பலகையில் விரலை அழுத்திப் பார்த்து அது மெத்தென்று இருந்தால், அல்லது தட்டினால் அடுக்குகள் பிரிந்த வெற்றொலி வந்தால், கறையை விட்டுவிட்டு அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றுங்கள். அந்த இடத்துக்கு ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள, நீரைத் தாங்கும் மரைன் பலகை ஏற்றது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டு, மேலேயும் கீழேயும் காற்றுத் துளைகள் போடச் சொல்லுங்கள். பாச்சை உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது.

பழுப்புத் திட்டுகள் வேறு வகை. நம் பக்கத்து பிளைவுட்டில் சிவந்த முகமாக வரும் கர்ஜன் மரத்தில் எண்ணெய்ப் பிசின் நிறைய உண்டு. எமல்ஷன் நீரில் கலக்கும் பெயின்ட் ஆதலால், அது ஈரமாக இருக்கும்போது மரத்தின் நிறப்பொருள்களைக் கரைத்து மேலே இழுத்துக்கொள்கிறது. எத்தனை முறை அடித்தாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக இழுக்கும். பெயின்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். திட்டுகள் உள்ள பலகையை நன்றாக உலரவிட்டு, லேசாக உப்புத்தாள் போட்டு, மெழுகு நீக்கிய அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு பூச்சு அடியுங்கள். ஆயத்தமாக விற்கப்படும், கறை தடுக்கும் எண்ணெய்ப் பிரைமரும் பயன்படும். அதன்மேல் அடிக்கும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். சாதாரண அவலரக்கில் மெழுகு இருப்பதால் மேலே வரும் சில பூச்சுகள் அதில் பிடிக்காமல் உரியும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

எனாமல் மஞ்சளிப்பதைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் எண்ணெய் வகை எனாமலுக்கு அது தலைகீழ். வெளிச்சம் இல்லாத இடத்தில்தான் அது அதிகம் மஞ்சளிக்கும். மூடிய அலமாரி, படங்களின் பின்புறம், பரண் கதவின் உட்பக்கம் ஆகிய இடங்களில் இது தெளிவாகத் தெரியும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களின் ஆவியும் இதைத் துரிதப்படுத்தும். கதவைச் சில வாரங்கள் பகலில் திறந்து வைத்தால் மஞ்சள் ஓரளவு குறையும். நிலையாகத் தீர வேண்டுமென்றால், மேற்பரப்பை உப்புத்தாளால் மங்கலாக்கி, நீரில் கலக்கும் அக்ரிலிக் எனாமலை அடித்துவிடுங்கள்.

தேக்கு மேசைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு இதற்கு வேறானது. தேக்கு வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்னிறமாக முதிரும். விரிப்பு போட்டிருந்த இடம் வெளிறித் தெரிந்தால் அதைக் கறை என்று எண்ணி எதுவும் பூசாதீர்கள். விரிப்பை எடுத்துவிட்டால் நாளடைவில் ஒன்றுபடும்.


காவிரிக்கரை எழுதியது:

பிளீச் சொட்டு வைத்த புள்ளி வெளுத்துவிட்டது. பின்பலகை கீழே ஓரத்தில் மெத்தென்று இருப்பதால் அதை மாற்றச் சொல்லிவிட்டேன். வெளிச்சுவரில் சன்ஷேடுக்கு மேலே வெடிப்பு இருந்ததும் உண்மைதான். கடைசியாக ஒன்று: ஆக்சாலிக் அமில வேலையை இப்போதே முடித்துவிட்டு, மழை நாட்களிலேயே மேசைக்கு மறுபாலிஷ் போடலாமா? அதே அரக்குப் பாலிஷ்தான் போட வேண்டுமா?


அவலரக்கு எழுதியது:

மழை நாட்களில் வேண்டாம். அரக்கும் லாக்கரும் காயும்போது அவற்றின் ஸ்பிரிட்டும் தின்னரும் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரச் செய்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, பாலிஷ் முழுவதும் வெண்ணிறமாகப் பனி பூத்தது போல் ஆகிவிடும். நீங்கள் எடுக்க முயலும் வெள்ளை வளையம் மேசை முழுவதும் வந்ததற்குச் சமம். மேலும், அமிலக் கரைசலால் ஈரமான பிளைவுட் இந்தக் காலத்தில் எளிதில் உலராது. தை பிறந்து வெயில் ஏறிய பிறகு இரண்டு வேலைகளையும் அடுத்தடுத்துச் செய்யுங்கள். அதுவரை மேசையின்மேல் ஈரமான எதையும் வைக்காமல் இருந்தால் கறை இதைவிடப் பெரிதாகாது.

எந்தப் பாலிஷ் என்பது மேசையை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரக்குப் பாலிஷின் அழகு தேக்குக்கு வேறெதிலும் வராது. பழுதானால் அந்த இடத்தை மட்டும் திருத்தவும் முடியும். ஆனால் சூட்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் தாங்காது. டபரா தினமும் அமரும் மேசை என்றால் பி.யு. நல்லது. பி.யு. கேட்கும்போது மஞ்சளிக்காத அலிஃபாடிக் வகை என்று சொல்லிக் கேளுங்கள். விலை குறைந்த அரோமாடிக் வகை வெளிச்சத்தில் மஞ்சளித்துவிடும். பழைய அரக்கு மரத்துளைகளில் சிறிது தங்கியிருக்கும். பி.யு. அதில் பிடிக்காமல் போவதைத் தவிர்க்க, ஸ்பிரிட்டால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுத்து, மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிய ஒரு பூச்சாக அடித்து, 320 எண் உப்புத்தாளால் தொட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். பூசை அலமாரிக்கும் இதே வரிசைதான். அங்கே கீழ்த்தட்டுக்கு மட்டும் பி.யு. போட்டு, மற்றதை அரக்கிலேயே விட்டுவிடலாம்.